உன் இடது கையைக் கொஞ்சம் இறக்கு

ராஜேஸ்வரி போய்விட்ட செய்தி தொலைபேசியில் வந்தது. அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய அண்ணன் மகன் பாஸ்கர்தான் பேசினான். "ஆன்ட்டி, அத்தை தவறிட்டாங்க" என்றான். எந்த அத்தை என்று கேட்டேன். அவனுக்கு இருந்ததே ஒரே அத்தை, அது எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் வாய் கேட்டுவிட்டது. காலையில் பால் ஊற்ற வந்த அம்மா கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டிருக்கிறாள். தூக்கத்திலேயே உயிர் போயிருந்ததாம். ரசம் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. எனக்கு எழுந்து போகத் தோன்றவில்லை.

பாஸ்கர் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டான். மாலை போட ஒரு போட்டோ வேண்டும், வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை என்றான். ஆவடி குடியிருப்பில் எண்பதுகளில் கல்யாணமோ காதுகுத்தோ சீமந்தமோ நடத்தியவர்களே, நீங்கள் எல்லோரும் அவளை அறிவீர்கள். அலமாரியிலிருந்து ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். அவள் எடுத்த படம் ஒன்றாவது இருக்கும். அவள் இருக்கிற படம் ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரே ஒரு படம் பாஸ்கருக்குக் கிடைத்திருந்தது, தொழிற்சாலை அடையாள அட்டையில் இருப்பது. வேலையில் சேர்ந்த வாரம் எடுத்தது அது. மஞ்சள் காமாலையில் புருஷனைப் பறிகொடுத்து, அவன் இடத்தில் கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவளின் முகம். அழுது அழுது வீங்கிய கண்ணும், எண்ணெய் காணாத தலையுமாக இருப்பாள். வாசல் காவலாளியிடம் அதைக் காட்டும்போதுகூட விரலால் முகத்தை மறைத்துக்கொண்டுதான் காட்டுவாள். போயும் போயும் அதற்கா மாலை போடுவது? என்னிடம் ஒன்று இருக்கிறது, கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். சொன்ன பிறகுதான் பகீரென்றது. அந்தப் படம் கோணல்.

கோணல் என்றால் ராஜிக்கு எப்படி இருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன்.

நானும் அவளும் ஒரே அலுவலக அறையில் எதிரும் புதிருமான மேசைகளில் வேலை பார்த்தவர்கள். திருச்சிப் பக்கத்துப் பெண், என்னைவிட இளையவள், பிள்ளை இல்லை. முதல் சில வருடங்கள் அவள் யார் வீட்டு விசேஷத்துக்கும் வந்ததில்லை. பத்திரிகை வைப்பார்கள், வைக்காமல் என்ன? தாம்பூலத் தட்டை மட்டும் அவள் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். முகூர்த்தம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு கடைசிப் பந்தியில் வந்து உட்காருவாள், மொய் எழுதுவாள், போவாள். சொந்த ஊரிலிருந்து வந்த நாம் எத்தனையோ பழக்கத்தை ரயிலிலேயே விட்டுவிட்டு வந்தோம். இதை மட்டும் பத்திரமாக மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எதிர் பிளாக்கில் ஒரு கல்யாணம். அடைமழை. ஸ்டுடியோக்காரர் அம்பத்தூரைத் தாண்ட முடியாமல் எங்கோ தண்ணீரில் நிற்கிறார். பெண்ணின் அப்பா குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் மணவறைக்கும் நடக்கிறார். ராஜி புருஷனுடைய கேமரா அவள் பெட்டியில் இருக்கிறது, அவளுக்கு எடுக்கவும் தெரியும் என்று நான்தான் சொன்னேன். மனிதர் முகம் சுருங்கியது. வாசலை இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, கேமராவுக்குப் பின்னாலதானே நிக்கப் போறாங்க" என்றார்.

பின்னால்தான் நின்றாள். ஆனால் கேமரா எங்கே நிற்கும்? மணவறைக்கு நேர் முன்னால் நிற்கும். சுமங்கலிகள் முண்டியடிக்கிற இடத்தில், யாரும் இடிக்காமல், நட்ட நடுவில் ராஜி நின்றாள். "அம்மா போட்டோ எடுக்கறாங்க, வழி விடுங்க" என்று ஐயரே சொன்னார். தாலி கட்டுவதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனை வருடம் ஆகியிருக்கும்! திரும்பி வரும்போது ஒரே குடையில் நனைந்துகொண்டே என்னிடம் சொன்னாள்: "கேமரா இருந்தா யாரும் தள்ளி நில்லுன்னு சொல்ல மாட்டேங்கறாங்கக்கா."

அதன் பிறகு அவளை எல்லோரும் கூப்பிட ஆரம்பித்தோம். அவள் முறை உங்களுக்கு நினைவிருக்கும். அவள் புருஷன் மெஷின்களைப் பொருத்தி நிறுத்தும் ஃபிட்டராக இருந்தவர். அவருடைய கருவிப் பெட்டியிலிருந்து விரல் நீளத்தில் ஒரு ரசமட்டம் வைத்திருந்தாள். பித்தளைக் கூட்டுக்குள் கண்ணாடிக் குழல், அதற்குள் பச்சைத் தண்ணீர், தண்ணீரில் ஒரு குமிழி. இரும்பு மெஷினைத் தரையில் நிறுத்தும்போது மட்டம் பார்ப்பதற்கானது. ராஜி அதை ஸ்டாண்டில் மாட்டிய கேமராவின் தலையில், ஃப்ளாஷ் சொருகும் இடத்தில் வைப்பாள். குமிழி நடுவுக்கு வரும்வரை ஸ்டாண்டின் காலை நீட்டுவாள், குறுக்குவாள். வந்ததும் திருகை இறுக்கி, ரசமட்டத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஃப்ளாஷை மாட்டுவாள். அதற்குள் மாப்பிள்ளைக்கு வேர்த்து ஊற்றியிருக்கும். குழந்தைகள் ஓடியிருக்கும். "கட்டடம் கட்டறாங்களா, கல்யாணம் பண்றாங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்பார். ராஜி காதிலேயே வாங்க மாட்டாள்.

ஏனடி இத்தனை பாடு, கொஞ்சம் சாய்ந்தால் குடியா முழுகிவிடும் என்று ஒருநாள் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டேன். அவள் தயிர்சாதத்தைப் பிசைவதை நிறுத்தவில்லை. "ஸ்டுடியோக்காரன் எடுத்தது கோணலா வந்தா, படம் கோணல்னு சொல்வாங்க. நான் எடுத்தது கோணலா வந்தா, எடுத்தவ ராசின்னு சொல்வாங்கக்கா" என்றாள். நான் டப்பாவை மூடிவிட்டேன். அவள் நிதானமாகச் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவி, வரும் வழியில் சுவரில் சாய்ந்திருந்த காலண்டரையும் நேராக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

அவள் பயந்தது வெள்ளானூரில் நடந்தது. அலுவலகத்தில் யாரோ சொல்லி, அந்த ஊர்க் குடியானவர் ஒருவர் தன் மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு ராஜியைக் கூப்பிட்டார். வீட்டை ஒட்டி சிமென்ட் பூசிய நெல் களம். அதன்மேல் பந்தல், மணவறை, பின்னால் ஜரிகைத் திரை. ராஜி வழக்கம்போலக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, வழக்கம்போல எடுத்தாள். ஆல்பம் போய்ச் சேர்ந்தது. பார்த்தால், எல்லாப் படத்திலும் பெண் மேட்டிலும் மாப்பிள்ளை பள்ளத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். பந்தல் கால், திரை, குத்துவிளக்கு எல்லாம் மாப்பிள்ளை பக்கமாகச் சரிந்து கிடக்கின்றன. கெட்ட நேரம் பாருங்கள், ஆடி மாதத்தில் அந்த மாப்பிள்ளை வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவர் தாயார் ஆல்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாராம், அப்போதே சரித்துவிட்டாளே என்று.

சேதி குடியிருப்புக்கு வந்து சேர எத்தனை நேரம் ஆகும்? ராஜிக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. குமிழி பொய் சொல்லாது என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவளை இழுத்துக்கொண்டு நானே வெள்ளானூருக்குப் போனேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டு போனேன்.

எனக்கு வேலையே இருக்கவில்லை. ராஜி நேரே போய்க் களத்தின் நடுவில் குந்தி, ரசமட்டத்தைத் தரையில் வைத்தாள். குமிழி விருட்டென்று ஒரு ஓரத்துக்கு ஓடி அங்கேயே நின்றது. பெண்ணின் அப்பா குனிந்து பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"களம்னா சாய்வாத்தாம்மா போடுவாங்க. மழைத் தண்ணி நின்னுகினு இருந்தா நெல்லு இன்னாத்துக்கு ஆவும்? இத்தனை வருசமா கீது, நான்தான் போட்டேன், எனக்கே அன்னிக்குத் தோணல பாரு."

தரை சாய்வு, அதன்மேல் போட்டதெல்லாம் சேர்ந்தே சாய்வு. எல்லாம் ஒன்றாகச் சாய்ந்திருந்ததால் அங்கே நின்ற யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ராஜியின் கேமரா மட்டும்தான் அன்றைக்கு நேராக இருந்தது. பெரியவர் எங்களுக்கு மோர் கொடுத்தார். தப்பு அவள் மேல் இல்லை என்று எத்தனையோ தடவை சொன்னார். கிளம்பும்போது குரலை இறக்கிக்கொண்டு, "இத்த மாப்ள ஊட்ல போயி யாரும்மா சொல்றது?" என்றார்.

யாரும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது ராஜி சொன்னாள்: "வேற யாரா இருந்தாலும் மணவறையைப் பாத்து கேமராவைச் சாய்ச்சிருப்பாங்க. நான் பூமியைப் பாத்து வெச்சேன்." வருத்தமா, பெருமையா என்று அவள் குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த வருடம் அந்தப் பெரியவரின் இளைய மகளுக்குக் கல்யாணம். மறக்காமல் ராஜிக்குப் பத்திரிகை வந்தது. கேமராவோடு வரச் சொல்லவில்லை. கரையான்சாவடியிலிருந்து ஸ்டுடியோக்காரரைப் பேசியிருந்தார்கள். அவள் போகவில்லை. நம் குடியிருப்பிலும் கூப்பிடுவது குறைந்து, பிறகு நின்றே போனது. யாரும் அவளிடம் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை மாப்பிள்ளை வீட்டிலேயே ஆள் ஏற்பாடு பண்ணிவிட்டார்கள் ராஜி என்பார்கள். அவளும் அதனால் என்ன என்பாள். ஓய்வு பெறுகிறவர்கள் ஓய்வூதிய விண்ணப்பத்தில் ஒட்ட வேண்டிய கணவன் மனைவி படத்துக்கு மட்டும் அவளைத் தேடி வந்தார்கள். அதற்கு ராசி பார்க்க என்ன இருக்கிறது? வெள்ளைத் துணியை ஆணியில் மாட்டி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, "சார், கொஞ்சம் அம்மா பக்கம் நெருங்கி நில்லுங்க" என்பாள். எடுத்து முடித்ததும் அவர்கள் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைக்குப் போவாள். ஒருமுறை நானும் கூடப் போனேன். ஸ்டாண்டை நட்டு, மட்டம் பார்த்து, வெறும் தண்ணீரைப் படம் எடுத்தாள். ஆள் இல்லை, படகு இல்லை, ஒரு கொக்குகூட இல்லை. இதை எதற்கடி எடுக்கிறாய் என்றேன். தண்ணீரும் அவளும் ஒரே மட்டத்தில் இருக்கிறோமா என்று பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. வெயில் ஏறுகிறது, வா போகலாம் என்று மட்டும் சொன்னேன்.

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, படம் எடுப்பது ராஜிதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மா பூந்தமல்லிக்காரர். வெள்ளானூர்க் கதை அவர் காதுக்கும் போயிருந்தது. வேறு ஆள் பார்க்கலாமே என்று நயமாகச் சொல்லிப் பார்த்தார். நானும் நயமாகத்தான் ஆரம்பித்தேன், ஆனால் என் நயம் எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். கடைசியில் என் மகளே, ராஜி அத்தை எடுக்காவிட்டால் படமே வேண்டாம் என்று சொல்லி முடித்துவைத்தாள். ராஜியைச் சம்மதிக்க வைப்பது அதைவிடப் பெரும்பாடாக இருந்தது. எடுக்கிறேன், ஆனால் மேடை ஏறச் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

மண்டபத்துக்கு முதல் ஆளாக வந்து மேடைத் தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். திரைக் கம்பியில் வைத்தாள், நாற்காலியில் வைத்தாள். அன்றைக்கு அவள் எடுத்த ஒவ்வொரு படமும் கோடு போட்ட மாதிரி இருக்கும். எல்லாம் முடிந்து கூட்டம் பந்திக்குப் போன நேரத்தில் என் மகள் மாலையும் கழுத்துமாக மேடையிலிருந்து இறங்கி வந்தாள். ராஜியின் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் வர மாட்டேன் என்று ஸ்டாண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, நீங்க இல்லாம என் ஆல்பம் முடியாது" என்றாள் என் மகள். நான் வாக்குக் கொடுத்தவள், என் மகள் கொடுக்கவில்லையே? மேடைக்கு ஏற்றியேவிட்டாள். நட்ட நடுவில் ராஜி. ஒரு பக்கம் பெண், மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர். இன்னொரு பக்கம் அவளை ஒட்டிச் சம்பந்தியம்மா. அவர் நகர்ந்து போய்விடுவாரோ என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நகரவில்லை. ராஜியின் கலைந்த முந்தானையை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுவிட்டு, கையை எடுக்காமல் நின்றார்.

எடுப்பதற்கு ஆள் வேண்டுமே? கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றி நான் எடுத்தேன். என் வாழ்க்கையில் அதுதான் முதல் படம், கடைசிப் படமும் அதுதான். கண் நிறைந்துபோய் ஓட்டை வழியாக ஒன்றும் தெரியவில்லை. மேடையிலிருந்து ராஜி கையை நீட்டிக் கத்துகிறாள்: "அக்கா, உன் இடது கையைக் கொஞ்சம் இறக்கு! ஏறிக்கிடக்கு, இறக்குக்கா!" எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் அமுக்கிவிட்டேன்.

பிரிண்ட் வந்தபோது ராஜி தலையில் கை வைத்துக்கொண்டாள். கப்பல் கவிழ்கிற மாதிரி மொத்தப் பேரும் இடப்பக்கம் சரிந்திருந்தார்கள். நடுவில் அவள், வாய் திறந்தபடி, கை நீட்டியபடி. கிழித்துப் போடு என்றாள். ஆகட்டும் என்று சொல்லிவிட்டு பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். நான் ஓய்வு பெற்றுத் திருவேற்காட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரரும் காலமான பிறகு அதை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். அவர் காலமான சமயத்தில், காரியமெல்லாம் முடிந்து உறவு ஜனம் கலைந்த பிறகு ராஜி மட்டும் இரண்டு பஸ் மாறி என்னைப் பார்க்க வந்தாள். சுவரில் சரிந்து கிடந்த என்னைப் பார்த்து, "நிமிந்து உக்காருக்கா" என்றாள். நிமிர்ந்தேன். காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டுதான் பாஸ்கரோடு கரையான்சாவடியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். பெரிதாக்க வேண்டும் என்றேன். கடைக்காரர் படத்தைப் பார்த்ததும், கோணலாக இருக்கிறதே, நேராக்கிவிடலாம் என்றார். பாஸ்கரும், அத்தைக்குக் கோணல் பிடிக்காதே ஆன்ட்டி, நேராக்கிவிடுவோம் என்றான். எனக்கும் சரி என்றுதான் பட்டது. அவள் ஆயுசெல்லாம் பாடுபட்டது அதற்குத்தானே?

கடைக்காரர் 'ட' எழுத்து மாதிரி வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகளைப் படத்தின்மேல் சாய்த்து வைத்து, எவ்வளவு மிஞ்சும் என்று காட்டினார். "நேராக்கினா ஓரமெல்லாம் போயிடும்மா. சுத்தி கீறவங்க வெட்டுப்படுவாங்க. இவங்க மட்டும் தனியா, நல்லா வருவாங்க" என்றார்.

பார்த்தேன். கறுப்பு அட்டைக்கு நடுவில் ராஜி அம்பு மாதிரி நேராக நின்றாள். என் மகள் இல்லை. என் வீட்டுக்காரர் இல்லை. சம்பந்தியம்மாவின் விரல் மட்டும் அவள் தோளில் துண்டாகத் தெரிந்தது. கையை நீட்டி யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து ராஜி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஏரிக்கரையில் அவள் எடுத்த தண்ணீர்ப் படம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அட்டையை என் கையாலேயே எடுத்தேன். அப்படியே பெரிதாக்குங்கள் என்றேன். கோணலாகவேயா என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டார்கள். கோணலாகவே என்றேன். ஒன்றுக்கு இரண்டாகப் போடச் சொன்னேன்.

காரியத்தன்று பாஸ்கர் வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு வைத்தோம். உயிரோடு இருக்கிறவர்களும் சேர்ந்த படத்துக்கு மாலையா என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மாலையைச் சுருக்கி அவள் முகத்துக்கு நேரே கீழே வைத்தேன், முணுமுணுப்பு அடங்கியது. வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்ச் சட்டத்தைப் பிடித்து நேராக்கப் பார்த்தார்கள். சட்டம் நேராகத்தான் இருந்தது. பாஸ்கர் என்னிடம் கொடுத்த அவளுடைய ரசமட்டத்தை அதன்மேல் வைத்து, குமிழி நடுவில் நிற்பதை நானே பார்த்துத்தான் மாட்டியிருந்தேன்.

ரசமட்டம் இப்போது என்னிடம் இருக்கிறது. இன்னொரு பிரதி என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இந்த வீட்டில் என்னோடு பேச வேறு யாரும் இல்லை. காலையில் காப்பியோடு அதன் எதிரே உட்காருகிறேன். அத்தனை பேருக்கு நடுவில் நின்றுகொண்டு, கையை நீட்டி, இடது கையை இறக்கு இறக்கு என்று என்னைப் பார்த்து இன்னும் கத்திக்கொண்டிருக்கிறாள். இறக்க மாட்டேன் போடி என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து காப்பியைக் குடிக்கிறேன்.